நெல் அடுக்கிய களஞ்சியத்தில் நம் பிள்ளைகள் படிக்கட்டும்

(நமது ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் பேசப் போறேன். பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. கொஞ்சம் கூடப் போனால் பொறுத்துக்குங்க.

நான் பேச வந்தது நம்ம ஊர் பழைய பண்ணைக் களஞ்சியத்தைப் பற்றி. வர்ற அக்டோபர் 2 கிராமசபையில் அதை என்ன செய்வது என்று தீர்மானம் வைக்கப் போறாங்க. இடித்துவிட்டு நாலு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கு. அதைச் சரி பண்ணி, பக்கத்தில் ஒரு கொட்டகையும் சேர்த்துப் போட்டு, பிள்ளைகளுக்குப் பாட்டு, கும்மி, பறை, சிலம்பம், படம் வரைவது எல்லாம் சொல்லிக் கொடுக்கிற இடமாக ஆக்கலாம் என்று நாங்க சில பேர் சொல்றோம். நம்ம கூட்டமைப்பு எந்தப் பக்கம் என்று இன்னைக்குப் பேசி முடிவு பண்ணியாகணும். அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்தக் கட்டடம் என்ன என்று இங்கே இருக்கும் சின்னப் பெண்களுக்குச் சொல்றேன். உங்களில் நிறையப் பேர் அதை வௌவால் அடையிற இடமாகத்தான் பார்த்திருப்பீங்க. சாயங்காலம் ஆனால் குடிக்கிறவங்க உட்காருகிற திண்ணையாகப் பார்த்திருப்பீங்க. ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்து நெல் எல்லாம் அங்கேதான் போச்சு. மூணு படி ஏறி உள்ளே போகணும். தரைக்கு அடியில் காற்றுப் போக வழி விட்டிருக்காங்க, ஈரம் ஏறாமல் இருக்க. சுவர் ரெண்டு அடி கனம். மேலே சின்னச் சின்னக் காற்றுத் துளை. உள்ளே பலகை செருகித் தடுப்புத் தடுப்பாக நெல்லைக் கொட்டி வைத்திருக்காங்க. நம்ம வீடுகளில் பத்தாயம், குதிர் என்று இருந்தது போல, இது பண்ணைக்கான பெரிய பத்தாயம்.

அந்த நெல்லை யார் அறுத்தது, யார் கட்டுத் தூக்கினது, யார் தூற்றினது? நம்ம அப்பாயியும் அம்மாச்சியும்தான். களத்தில் மரக்கால் போட்டு அளந்து, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று கணக்கு வைத்து, தலையில் சுமந்து வந்து அந்தப் படியில் இறக்கினாங்க. இறக்கிவிட்டு வெளியே நிற்கணும். உள்ளே போக எல்லாருக்கும் அனுமதி இல்லை. கூலியும் நெல்லாகத்தான் கிடைத்தது. அந்த அளவில் ஏறுவதும் குறைவதும்தான் அன்னைக்கு அடுப்பு எரிவதும் எரியாததும். நம்ம தஞ்சாவூர்ச் சீமையில் 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறமும் கூலி நெல்லுக்காகப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனதும் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில்தான். இதை நான் யார் மேலும் கோபத்தோடு சொல்லவில்லை. இந்தக் கட்டடத்தை "யாரோ பெரிய வீட்டுக்காரங்க கட்டினது, நமக்கு என்ன" என்று சில பேர் சொல்றாங்க. செங்கல் அவங்க வைத்திருக்கலாம். நிரப்பினது நம்ம வீட்டுப் பெண்கள். அதனால் அதில் நமக்கு ஒரு பாத்தியதை இருக்கு என்று சொல்ல வந்தேன்.

அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போனபோது இடத்தை ஊராட்சிக்கே பொது உபயோகத்துக்கு என்று கொடுத்துட்டாங்க. சில வருஷம் நெல் கொள்முதல் மூட்டை அடுக்கினாங்க. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பாதி பறந்து போச்சு. அதிலிருந்து ஏழை அனாதை போல நிற்குது.

பழைய களஞ்சியம் ஒண்ணும் மதிப்பில்லாத பொருள் இல்லை. பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறை கோயிலில் ஒரு செங்கல் களஞ்சியம் இருக்கு. நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினது. வட்டமாக, மேலே கூம்பு போல இருக்கும். 3000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்வாங்க. அதை நம்ம மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலிலும் நெல் கொட்டி வைத்த பெரிய வட்டக் களஞ்சியங்கள் இருக்கு. அந்தக் கோயிலைப் பழமை கெடாமல் புதுப்பித்ததுக்காக 2017ல் யுனெஸ்கோ விருது கொடுத்தாங்க. நம்மளது அவ்வளவு பழசும் இல்லை, அவ்வளவு பெரிசும் இல்லை. ஆனால் அதே மண்ணில் சுட்ட செங்கல், அதே சுண்ணாம்பு. இன்னைக்கு இடித்துவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த மாதிரிச் சுவர் வராது.

சரி, நிறுத்தி வைத்து என்ன செய்ய? அதுக்கு வர்றேன்.

சங்கீத மும்மூர்த்திகள் என்று சொல்றாங்களே, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி, மூணு பேரும் பிறந்தது நம்ம திருவாரூர். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க. பொய்க்கால் குதிரை என்றால் தஞ்சாவூர். மெலட்டூரில் பாகவத மேளா. இத்தனையும் நம்மைச் சுற்றி ஒரு பஸ் தூரத்தில் இருக்கு. ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒரு இடம் இல்லை. டவுனில் பரதநாட்டிய வகுப்பு இருக்கு. மாசச் சம்பளம், பஸ் செலவு, சலங்கை, உடுப்பு என்று கணக்குப் போட்டால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதிலும் பெண் பிள்ளையை இருட்டின பிறகு டவுனிலிருந்து தனியாக வரச் சொல்ல நமக்கு மனசு வராது.

இன்னொரு பக்கம் பாருங்க. நம்மகிட்டே இருக்கிறதே போய்க்கிட்டு இருக்கு. நடவு மிஷின் வந்த பிறகு நடவுப்பாட்டு போச்சு. குனிந்து நட்டபோது இடுப்பு வலி தெரியாமல் இருக்கப் பாடினது. வலி போனது நல்லதுதான், மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டும் சேர்ந்து போகணுமா? இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளில் நாலைந்து பேருக்கு நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப்பாட்டு எல்லாம் மனப்பாடம். எழுதி வைத்தது கிடையாது. அவங்களுக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. களஞ்சியத்தில் முதல் வாத்தியார் அவங்கதான் என்பது என் விருப்பம். வாரத்தில் ஒரு நாள் ஒரு ஆச்சி வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடணும். பிள்ளைகள் கேட்டு எழுதணும், போனில் பதிவு பண்ணி வைக்கணும். வர்ற ஆச்சிக்கு வெறும் டீயோடு நிறுத்தாமல், வாத்தியாருக்குக் கொடுக்கிற மாதிரி மதிப்பூதியம் கொடுக்கணும்.

"ஆட்டமும் பாட்டும் சோறு போடுமா?" என்று கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிற தாய் கேட்கத்தான் செய்வாள். அதுக்கு என்னால் முடிந்த பதில் இது. அரசுப் பள்ளிகளில் 2022லிருந்து கலைத் திருவிழா நடக்குது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி. பயிற்சி இருக்கிற பிள்ளை மேலே போகுது. நம்ம பிள்ளைகள் ஆர்வம் இருந்தும் பயிற்சி இல்லாமல் வட்டாரத்தோடு திரும்பி வருது. மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூணு வருஷப் படிப்பு இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கு. தொழிலாக எடுத்துக்கிறவங்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கு. இந்தக் கதவெல்லாம் திறந்துதான் இருக்கு. அது இருக்கு என்று தெரிந்து, அதுவரை நடந்து போகிற அளவுக்கு ஒரு அடிப்படை நம்ம ஊரில் வேணும்.

எல்லாப் பிள்ளையும் கலைஞராக ஆகப் போவதில்லை. அது தேவையும் இல்லை. கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண் பிள்ளை பத்துப் பேர் முன்னாடி வாயைத் திறந்து பாடினால், நாளைக்கு வங்கி மேலாளர் முன்னாடியும் வாயைத் திறந்து பேசும். நாம் குழுவில் சேர்ந்த புதிதில் கையெழுத்துப் போடவே கை நடுங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நடுக்கம் போக நமக்குப் பல வருஷம் ஆச்சு. நம்ம பிள்ளைக்குப் பத்து வயசிலேயே போகட்டும்.

பெண் பிள்ளைகள் ஆடலாமா என்றும் பேச்சு வருது. காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக்கு என்று ஒரு குருகுலம் பல வருஷம் நடந்தது. கூத்து என்றால் ஆம்பளைகள் மட்டும் வேஷம் கட்டுவது என்று இருந்தது. அங்கே பெண் பிள்ளைகளும் கற்று, கிரீடம் வைத்து, விடிய விடிய மேடை ஏறினாங்க. பள்ளிப் படிப்பும் கூடவே நடந்தது. பறையும் அப்படித்தான். சாவு வீட்டோடு மட்டும் சேர்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தோம். இன்னைக்குக் கல்லூரிப் பெண்கள் தோளில் மாட்டிக்கிட்டு அடிக்கிறாங்க. நம்ம களஞ்சியத்தில் எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே பாயில் உட்காரணும், எந்தப் பிள்ளையும் எந்த வாத்தியத்தையும் தொடலாம். இதை வாயால் சொன்னால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்.

இப்போ கட்டடத்தை எப்படிச் சரி பண்ணுவது என்பதுக்கு வர்றேன். எங்க அப்பா கொத்தனார். கோயில் திருப்பணி வேலைக்கெல்லாம் போனவர். பள்ளி லீவில் நானும் சித்தாளாகக் கூடப் போயிருக்கேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்றேன். கடைசி முடிவு பொறியாளர் பார்த்துத்தான் சொல்லணும்.

முதல் வேலை, சுவரில் முளைத்திருக்கும் அரசஞ்செடி, ஆலஞ்செடி. மேலே வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். இழுத்தால் செங்கல்லோடு பெயர்ந்து வரும். செங்கல்லைச் சுற்றி மெதுவாகப் பிரித்து வேரோடு எடுத்து, அந்த ஓட்டையை உடனே அடைக்கணும். செடியை விட்டுவிட்டுப் பூச்சுப் பூசினால் அது வீண் காசு.

ரெண்டாவது, கூரை. சுவர் விழுவது பெரும்பாலும் மேலே இருந்து இறங்கும் தண்ணீரால்தான். ஓட்டை முழுக்கப் பிரித்து, நல்ல ஓட்டைத் தனியே அடுக்கி, உலுத்துப்போன கைமரத்தையும் ரீப்பரையும் மட்டும் மாற்றி, திரும்ப மேயணும். உத்திரம் பழைய தேக்கு. தட்டிப் பார்த்தால் கணீர் என்று இருக்கு. ஒரு முனையில் மட்டும் கரையான் ஏறியிருக்கு. மொத்தத்தையும் தூக்கிவிட்டு இரும்புத் தகடு போடலாம் என்று ஒருத்தர் சொன்னார். சித்திரை வெயிலில் தகட்டுக்குக் கீழே பிள்ளைகள் உட்கார முடியாது. மழை பெய்தால் பாட்டுச் சத்தமே கேட்காது.

மூணாவது, சுவர். இதில்தான் எல்லா ஊரிலும் கெடுத்து வைக்கிறாங்க. பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும். ரெண்டு மூணு மழைக்காலத்தில் உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும், உள்ளே செங்கல் மாவாகப் போகும். அதனால் சுண்ணாம்புதான் பூசணும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றி, பல நாள் ஊறவிட்டு, மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம்ம பக்கத்து வழக்கம். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். ஈரச் சாக்குப் போட்டுக் காக்கணும். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. சிமெண்ட் வேலையைவிட இதுக்கு நாள் கூடும், ஆள் கூலியும் கூடும். ஆனால் அந்தக் கூலி நம்ம ஊர்ச் சித்தாளுக்குத்தான் போகும். கோயில் வேலை செய்த கொத்தனார் ஒருத்தரைப் பிடித்து, நம்ம ஊர் இளம் கொத்தனார்கள் ரெண்டு பேரைக் கூடப் போட்டால் அவங்களும் தொழில் கற்றுக்குவாங்க.

அடுத்தது, சேர்த்துக் கட்டுவது. களஞ்சியம் நெல்லுக்குக் கட்டினது. வெளிச்சம் குறைவு, வாசல் ஒண்ணே ஒண்ணு. முப்பது பிள்ளைகள் குதித்து ஆட அது சரிப்படாது. பாட்டு, கதை, படம் வரைவது, பொம்மை செய்வது, இதெல்லாம் உள்ளே நடக்கலாம். கனமான சுவர், வெயில் நேரத்திலும் குளுமையாக இருக்கும். கும்மி, கோலாட்டம், பறை, சிலம்பம் இதுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு திறந்த கொட்டகை போடணும். அதைப் பழைய சுவரில் ஒட்டக் கூடாது. சில அடி தள்ளித் தனித் தூண் நட்டுப் போடணும். ஒட்டிப் போட்டால் புதுக் கூரைத் தண்ணீர் பழைய சுவரின் காலில் இறங்கும், பாரமும் அதன் மேல் ஏறும்.

கொட்டகைக்குக் கீற்று வேண்டாம். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கீற்று குளுமை, செலவு குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் 2004 ஜூலை 16ல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனாங்க. நம்ம பக்கத்து ஊர். பிள்ளைகள் கூடுகிற எந்த இடத்திலும் நாம் கீற்று போடக் கூடாது. அதே காரணத்துக்காகக் களஞ்சியத்துக்கு ரெண்டாவது வாசல் ஒண்ணு கட்டாயம் வேணும். எந்த இடத்தில் திறந்தால் சுவருக்குப் பங்கம் வராது என்று பொறியாளர் சொல்லட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கணும். கரண்ட் ஒயர் எல்லாம் குழாய்க்குள் போகணும், பழைய மரத்தில் தொங்கக் கூடாது. படியோடு ஒரு சாய்தளமும் வேணும், நடக்க முடியாத பிள்ளைகளும் உள்ளே வர. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர், விளக்கு. இது முதல் செலவில் வரணும், மிச்சப் பணத்தில் பார்த்துக்கலாம் என்று விட்டால் கடைசி வரை வராது.

உள்ளே ஒரு தடுப்பை மட்டும் பலகையோடு அப்படியே வைக்கலாம் என்று ஒரு யோசனை. ஒரு மரக்கால், ஒரு படி, ஒரு முறம், ஒரு அரிவாள். யார் வீட்டிலாவது பரண் மேல் கிடந்தால் கொடுங்க. நம்ம பிள்ளைக்குக் கலம் என்றால் என்ன என்று கையால் அளந்து பார்த்துத் தெரியட்டும்.

காலத்தையும் சொல்லிடறேன். அக்டோபரில் தீர்மானம் ஆனால் உடனே மழை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரைத் தொட முடியாது. அதுக்குள் தார்ப்பாய் கட்டி ஓட்டைக் கூரையை மூடி, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி வைத்தால் போதும். சம்பா அறுப்பு முடிந்து மாசியில் நமக்குக் கை ஓயும். அப்போ வேலை ஆரம்பித்தால் அடுத்த பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் கொட்டகையிலாவது வகுப்பு தொடங்கலாம். அவசரமாக முடித்துத் திறப்பு விழா வைக்கணும் என்று யாரும் நெருக்க வேண்டாம்.

பணம்? நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் மூணில் ஒரு பங்கு கட்டினால் மிச்சத்தை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிக்கும் மனுக் கொடுக்கலாம். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கு. வாத்தியார் ஏற்பாட்டுக்கு அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 24 குழு சேர்ந்து தீர்மானத்தோடு போனால் உட்கார வைத்துப் பேசுவாங்க என்பது நமக்கே தெரியும்.

நம்ம பங்கையும் சொல்றேன். 24 குழு, குழுவுக்கு 12 பேர் என்று வைத்தால் 288 பேர். ஆளுக்கு மாசம் 10 ரூபாய் என்றால் மாசம் 2,880, வருஷம் 34,560 ரூபாய். இதில் கட்டடம் கட்ட முடியாது. ஆனால் வெளியிலிருந்து வர்ற வாத்தியாரின் பஸ் செலவும், ஆச்சிகளின் மதிப்பூதியமும், கரண்ட் பில்லும் இதில் ஓரளவு ஓடிடும். கட்டினவங்க போன பிறகு இடம் பூட்டிக் கிடப்பது இந்த மாதச் செலவுக்கு வழி இல்லாமல்தான். கட்டாத அக்கா மேல் அபராதம் போட வேண்டாம். பத்து ரூபாய் இல்லாதவங்க ஒரு நாள் கூட்டித் துடைத்துக் கொடுக்கட்டும், அதையும் வரவில் எழுதலாம்.

கடை கட்டினால் வாடகை வருமே என்பவர்களுக்கும் பதில் சொல்லணும். வாடகை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப்பு பக்கம் ஏற்கெனவே கட்டின கடையில் ரெண்டு பூட்டியே கிடக்கு. புதுக் கடை வேணும் என்றால் அங்கே காலி மனையும் இருக்கு. களஞ்சியத்தை இடித்துத்தான் கட்டணும் என்று இல்லை.

கடைசியாக மூணு விஷயம் கேட்கிறேன். மூணும் இல்லாமல் இந்த வேலையில் நாம் இறங்க வேண்டாம் என்பதும் என் கருத்து.

ஒண்ணு, எழுத்து. இடம் ஊராட்சியுடையது. கலைப் பயிற்சிக்கு மட்டும், நம்ம கூட்டமைப்பின் நிர்வாகத்தில், இத்தனை வருஷத்துக்கு என்று எழுதி வாங்கணும். வாய்ப் பேச்சில் செலவு பண்ணிவிட்டு, நாளைக்கு வேற யாராவது வந்து பூட்டுப் போட்டால் நமக்குக் கேட்க வாய் இருக்காது.

ரெண்டு, கணக்கும் சாவியும். வரவு செலவு மாதாமாதம் குழுக் கூட்டத்தில் படிக்கணும், சுவரில் ஒட்டணும். சாவி ரெண்டு குழுவிடம் முறை வைத்து இருக்கணும், ஒரு ஆளிடம் இருக்கக் கூடாது.

மூணு, பிள்ளைகளின் பாதுகாப்பு. சொல்லிக் கொடுக்கிறவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், நம்மில் ரெண்டு பெண்கள் கூட உட்காராமல் எந்த வகுப்பும் நடக்கக் கூடாது. சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஏழு மணி வரை, அதுக்கு மேல் இல்லை. தெருவுக்கு ஒருத்தர் பொறுப்பெடுத்து வீட்டில் கொண்டுவந்து விடணும். 1098 என்ற எண்ணை வாசலிலேயே பெரிசாக எழுதி, எதுக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைக்கணும்.

கிராமசபை வருஷத்தில் ஆறு நாள் நடக்குது. அந்த ஆறு நாளும் நாம் சமையல் முடித்துப் போவதுக்குள் தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடுது. வர்ற அக்டோபர் 2 அன்னைக்கு முதல் நாள் ராத்திரியே குழம்பு வைத்துவிடுங்க. காலையில் எல்லாக் குழுவும் நேரத்தோடு வந்து முன்னால் உட்காரணும். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடணும். இடிக்கணும் என்று நினைக்கிற அக்காமார்களும் வாங்க, வந்து உங்க நியாயத்தைச் சொல்லுங்க. பேசிப் பெரும்பான்மை எதுவோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்.

ஆச்சிமார்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடம் எப்போ ஆகும் என்று பார்க்க வேண்டாம். இந்த வாரம் எங்க வீட்டுத் திண்ணைக்கு வாங்க. பத்துப் பதினைந்து பிள்ளைகளை நான் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். நடவுப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.